நீக்கியதும் அழித்ததும்



சென்ற மாதம் நான் எதுவும் எழுதவில்லை. சிலர் தொலைபேசியில் கூப்பிட்டு நலம் விசாரித்தீர்கள். நன்றி. உடம்புக்கு ஒன்றுமில்லை. என் அக்காவின் பேரன் என்னை ஒரு வேலையில் இழுத்து விட்டுவிட்டான். அந்த வேலையையும் அதற்காக நான் படிக்க நேர்ந்த ஒரு சிறு சரித்திரத்தையும் பற்றித்தான் இந்தப் பதிவு.

அவன் சென்னையில் கணினி வேலை பார்க்கிறான். சம்பளத்துக்குச் செய்வது போதாதென்று, பொழுதுபோக்காக ஒரு ஃபைல் மேனேஜர் எழுதிக்கொண்டிருக்கிறான். கணினியில் நாம் சேர்த்து வைத்திருக்கும் கடிதங்கள், படங்கள், பாட்டுகளை ஃபோல்டர் ஃபோல்டராகக் காட்டி, நகல் எடுக்கவும் இடம் மாற்றவும் அழிக்கவும் உதவுகிற நிரல்தான் அது. எல்லாக் கணினியிலும் அப்படி ஒன்று இருக்கிறது. இருந்தாலும் தானே ஒன்று செய்து பார்க்க அவனுக்கு ஆசை. கடையில் கத்தரிக்காய் கிடைக்கும்போதே மாடியில் தொட்டி வைத்து வளர்க்கிறோமே, அது மாதிரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட கையோடு மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டான்: "தாத்தா, நீங்க ரெக்கார்டு ரூம்ல இருந்தவர்தானே? ஒருத்தர் தெரியாம ஒரு ஃபைலை டெலிட் பண்ணிட்டா அதைத் திரும்ப எடுக்கிற மாதிரி வெக்கணும். எப்படி வெச்சா நல்லாயிருக்கும்?"

எழுபது வயது தாண்டியவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று வேறு யாராவது சிரித்திருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு, பின்னால் சொல்கிறேன். முதலில் இந்தக் காரியத்தை உலகத்தில் யார் யார் எப்படிச் செய்து பார்த்தார்கள் என்று தெரிந்துகொள்வோம் என்றேன். அவன் எடுத்துக் கொடுத்ததையெல்லாம் மூன்று வாரம் படித்தேன்.

கணினியில் ஒன்றை அழிக்கும்போது உண்மையில் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். கணினியில் உள்ள ஒரு ஃபைலைப் பிரெஞ்சுக்காரர்கள் 'ஃபிஷியே' என்கிறார்கள். எங்கள் காலத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். சிறு அட்டைகளை வரிசையாக அடுக்கி வைத்த பெட்டிக்குத்தான் ஃபிஷியே என்று பெயர். நூலகத்தில் புத்தகம் தேட, முதலில் அந்த இழுப்பறையைத்தான் இழுப்போம். அட்டையில் புத்தகத்தின் பெயரும் அது எந்த அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்பதும் எழுதியிருக்கும்.

கணினியின் வட்டும் ஒரு நூலகம்தான். ஒரு பக்கம் அட்டைப் பெட்டி, மறுபக்கம் அலமாரிகள். 'அழி' என்று சொன்னால் பெரும்பாலான கணினிகள் அலமாரிப் பக்கமே போவதில்லை. அட்டையை மட்டும் அடித்துவிட்டு, 'இந்தத் தட்டு காலி, யார் வேண்டுமானாலும் வைக்கலாம்' என்று குறித்துக்கொள்ளும். புத்தகம் அங்கேயேதான் இருக்கும். வேறொரு புத்தகம் அந்தத் தட்டுக்கு வரும்போதுதான் பழையது ஒழியும். அட்டை போன நாளுக்கும் தட்டு நிரம்பும் நாளுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியில்தான் இந்தச் சரித்திரம் முழுவதும் நடக்கிறது.

தொடக்கத்திலேயே இதை நன்றாக யோசித்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் இயங்கிய போல்ட் பெரனெக் அண்ட் நியூமன் நிறுவனத்தார், 1970 வாக்கில் டெனெக்ஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கினார்கள். அதிலிருந்து வந்ததுதான் டிஜிட்டல் நிறுவனத்தின் டாப்ஸ்-20. அதில் மூன்று கட்டளைகள் இருந்தன. 'டெலிட்' என்றால் ஃபைலின் மேல் நீக்கப்பட்டது என்ற அடையாளம் மட்டும் விழும். 'அன்டெலிட்' என்றால் அந்த அடையாளம் போய்விடும். 'எக்ஸ்பஞ்ச்' என்றால்தான் உண்மையில் ஒழியும். எக்ஸ்பஞ்ச் என்ற சொல் நமக்குப் புதிதல்ல. சட்டசபையில் யாராவது தகாத வார்த்தை பேசினால் அவைக்குறிப்பிலிருந்து எடுத்துவிடச் சபாநாயகர் உத்தரவிடுகிறாரே, அதற்கு ஆங்கிலத்தில் இந்தச் சொல்தான்.

அதே காலத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் என்ற தளத்தை உருவாக்கினார்கள். இன்று உலகத்தில் பாதிக் கணினிகளுக்குத் தாய் வீடு அது என்று பேரன் சொல்கிறான். அங்கே அழிக்கும் கட்டளைக்கு இரண்டே எழுத்து: ஆர், எம். அடித்தால் போயிற்று. வேலை சரியாக முடிந்தால் எதுவும் பேசாமல் இருப்பது யூனிக்ஸின் வழக்கம். ஆகவே போனதுகூடச் சொல்லாமல் போகும். விவரம் தெரிந்தவர்களுக்காகத் தெரிந்தவர்கள் செய்தது. அவர்களுக்கு அது குறையாகப் படவில்லை.

பிறகு கணினி வீட்டுக்கு வந்தது. 1981 ஆகஸ்டில் ஐபிஎம் நிறுவனம் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. அதில் ஓடிய டாஸ் தளம், ஒரு ஃபைலை அழிக்கும்போது செய்தது இவ்வளவுதான்: அட்டையில் இருக்கும் பெயரின் முதல் எழுத்தை அடித்துவிட்டு, அந்த இடத்தில் 229 என்ற எண்ணைப் போடும். அந்த எண்ணைக் கண்டால் இந்த அட்டை செல்லாது என்று பொருள். கூடவே எந்தெந்தத் தட்டுகள் என்ற தொடர் பட்டியலையும் துடைத்துவிடும். ஆனால் அட்டையில் முதல் தட்டின் எண்ணும் ஃபைலின் அளவும் அப்படியே நிற்கும்.

இதைப் பிடித்துக்கொண்டவர் பீட்டர் நார்ட்டன் என்ற நிரலாளர். அவரே ஒரு முறை முக்கியமான ஃபைல் ஒன்றைக் கைதவறி அழித்துவிட்டாராம். உட்கார்ந்து திரும்பத் தட்டச்சு செய்வதற்குப் பதிலாக, வட்டுக்குள் புகுந்து அதைத் தேடி எடுக்கும் நிரல் ஒன்றை எழுதினார். 1982-இல் அதுவே நார்ட்டன் யுடிலிட்டிஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அழிந்த பெயரின் முதல் எழுத்தை நாம் சொல்ல வேண்டும், மீதியை அது பார்த்துக்கொள்ளும். ஃபைல் அடுத்தடுத்த தட்டுகளில் இருந்திருந்தால் முழுதாகக் கிடைக்கும். சிதறிக் கிடந்தால் பாதிதான். இடையில் வேறு ஏதாவது எழுதியிருந்தால் அதுவும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு அட்டைப்படத்தில் நின்ற அந்த மனிதரின் முகம் அந்நாளில் கணினி வைத்திருந்தவர்களுக்கெல்லாம் பழக்கம். 1990-இல் தன் நிறுவனத்தை அவர் சிமான்டெக் நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்.

அவர் செய்தது பெரிய உபகாரம். ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது காப்பு அல்ல, அதிர்ஷ்டம். கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக் கரண்டி போட்டு எடுப்பது போல. கரண்டி மாட்டினால் உண்டு.

மற்றொரு பக்கம் கலிபோர்னியாவில் ஆப்பிள் நிறுவனத்தார் வேறு விதமாக யோசித்தார்கள். திரையை ஒரு மேசையாகவும், ஃபைல்களை மேசை மேல் இருக்கும் காகிதங்களாகவும் காட்டுவது அவர்கள் வழி. மேசை என்றால் பக்கத்தில் ஒரு கூடை வேண்டுமே? 1983 ஜனவரியில் வந்த லிசா கணினியில் கூடை வைத்தார்கள். 1984 ஜனவரி 24 அன்று வந்த மேக்கின்டாஷில் அது குப்பைத்தொட்டி ஆயிற்று. வேண்டாத ஃபைலை இழுத்துக்கொண்டு போய் அதில் போடலாம். மனசு மாறினால் தொட்டியைத் திறந்து வெளியே எடுக்கலாம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த முதல் தொட்டியில் ஒரு சிக்கல் இருந்தது. அந்தக் கணினியின் வட்டுக்கு 400 கிலோபைட் கொள்ளளவுதான். இடத்துக்கு அவ்வளவு பஞ்சம். அதனால் வேறொரு நிரலைத் திறந்தாலோ, கணினியை நிறுத்தினாலோ தொட்டி தானாகவே காலியாகிவிடும். மாலையில் போட்டதைக் காலையில் தேடினால் கிடைக்காது. 1991-இல் வெளிவந்த சிஸ்டம் 7 பதிப்பில்தான், உரியவர் சொன்னால் ஒழியத் தொட்டியைக் காலி செய்வதில்லை என்று முடிவு செய்தார்கள். தொட்டி என்ற யோசனை வந்து, அதைக் காலி செய்யும் உரிமை உடையவனிடமே இருக்க வேண்டும் என்ற யோசனை வருவதற்கு ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கிறது.

அதே 1991-இல் டாஸ் தளத்தின் ஐந்தாம் பதிப்பில் 'அன்டெலிட்' கட்டளை சேர்ந்தது. 1993-இல் ஆறாம் பதிப்பில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். நாம் கேட்டுக்கொண்டால், அழிக்கும் ஃபைல்களை மறைவான ஒரு ஃபோல்டருக்கு நகர்த்திக் காவலில் வைக்கும். அதற்கு 'டெலிட் சென்ட்ரி', அதாவது காவல்காரன் என்று பெயர். ஏழு நாள் வரை வைத்திருக்கும். வட்டில் நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் போனால் பழையதிலிருந்து கழிக்கும். வாளியைக் கிணற்றில் விடாமல் கிணற்றடியிலேயே பிடித்துக்கொண்ட மாதிரி.

1995 ஆகஸ்ட் 24 அன்று விண்டோஸ் 95 வந்தது. அதில் வந்த 'ரீசைக்கிள் பின்' தான் நம்மில் பெரும்பாலோர் முதலில் பார்த்த தொட்டி. பிரெஞ்சுப் பதிப்பில் அதன் பெயர் 'கோர்பேய்', அதாவது கூடை. மேசைக்கடியில் வைக்கும் காகிதக் கூடைக்குப் பிரெஞ்சில் வழங்கும் பெயரின் முதல் பாதி அது. எனக்கு அந்தப் பெயர்தான் பிடிக்கும். அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், கூடையில் கசக்கிப் போட்ட காகிதம் மாலையில் பெருக்கும் அம்மா வருகிறவரை நம்முடையதுதான். எத்தனை முறை குனிந்து எடுத்து, மேசை விளிம்பில் தேய்த்துச் சுருக்கம் நீக்கியிருக்கிறோம்!

இந்தத் தொட்டியின் உள்ளே என்ன நடந்தது என்று பேரன் காட்டியபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். உள்ளே போகும் ஒவ்வொரு ஃபைலுக்கும் பழைய பெயரை எடுத்துவிட்டு வரிசை எண் கொடுக்கிறார்கள். பக்கத்திலேயே 'இன்ஃபோ' என்று ஒரு ஃபைல். அதில் இந்த எண்ணுள்ளது முன்பு எங்கே இருந்தது, அதன் பெயர் என்ன என்றெல்லாம் எழுதி வைக்கிறார்கள். இது பதிவேடு அல்லவா! எங்கள் பதிவறையில் நாங்கள் செய்ததும் இதுதானே!

முடிந்த ஃபைல்கள் எங்களிடம் வரும். எத்தனை வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று மேலே குறித்திருப்பார்கள். சில என்றென்றைக்கும், சில மூன்று வருஷம், சில ஐந்து வருஷம். தவணை முடிந்தவற்றைப் பட்டியல் போட்டு அதிகாரியிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் கழிப்போம். ஃபைல் போய்விடும், பட்டியல் போகாது. பத்து வருஷம் கழித்து யாராவது வந்து கேட்டால், இந்தத் தேதியில், இன்னார் உத்தரவில் கழிக்கப்பட்டது என்று சொல்ல முடியும். பதிவேடு இல்லாத அறையில் ஆயிரம் ஃபைல்கள் இருந்தாலும் அது வெறும் காகிதக் குவியல்தான். எங்கிருந்து வந்தது என்று தெரியாததைத் திரும்ப எங்கே வைப்பது?

ஆக, இத்தனை பேர் செய்த முயற்சியில் நான் கண்டது ஒன்றே ஒன்று. தொட்டி முக்கியமில்லை, பதிவேடுதான் முக்கியம். அதைத்தான் பேரனிடம் முதலில் சொன்னேன்.

பிறகு ஞாயிறுதோறும் வேலை நடந்தது. அவன் கேள்வி கேட்பான், நான் குமாஸ்தா மூளையோடு பதில் சொல்வேன், அது ஏற்கெனவே உலகத்தில் எங்காவது இருக்கிறதா என்று அவன் தேடுவான். பெரும்பாலும் இருந்தது.

முதல் கேள்வி: முதலில் ஃபைலை நகர்த்துவதா, பதிவேட்டில் எழுதுவதா? நான் யோசிக்கவே இல்லை. தபால் அனுப்பும் பதிவேட்டில் எண் போட்ட பிறகுதான் உறை மேசையை விட்டு எழுந்திருக்கும். இடையில் மின்சாரம் போய்விட்டால்? பதிவு இருந்து ஃபைல் வராமல் இருந்தால் மோசமில்லை, அது பழைய இடத்திலேயே பத்திரமாக இருக்கும். ஃபைல் வந்து பதிவு இல்லாமல் போனால்தான் அநாதை. பேரன் தேடிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். லினக்ஸ் கணினிகளின் தொட்டிக்கு 2004-இல் ஒரு பொது விதி எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். அதில் ஒரு ஃபோல்டரில் ஃபைல்கள், இன்னொரு ஃபோல்டரில் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு சிறு குறிப்பு. பழைய இடம் ஒரு வரி, நீக்கிய தேதியும் நேரமும் ஒரு வரி. குறிப்பைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று கண்டிப்பாகவே சொல்லியிருக்கிறது.

இரண்டாவது: ஒரே பெயரில் இரண்டு ஃபைல் வந்தால்? என் கணினியில் 'கடிதம்' என்ற பெயரில் ஆறு இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஃபோல்டரில். ஒன்றின் மேல் ஒன்று விழக்கூடாது. வரிசை எண் கொடு, உண்மைப் பெயர் பதிவேட்டில் இருக்கட்டும்.

மூன்றாவது: மீட்கும்போது பழைய ஃபோல்டரே இல்லையென்றால்? ஃபோல்டரைத் திரும்ப உண்டாக்கிக் கொடு. அந்த இடத்தில் இப்போது அதே பெயரில் வேறொன்று இருந்தால்? அதைத் தொடாதே, ஆளைக் கேள். ஒன்றைக் காப்பாற்றப் போய் இன்னொன்றைக் கொல்லக் கூடாது.

நான்காவது: எப்போது காலி செய்வது? இங்கே எங்களுக்குள் சிறு தகராறு. முப்பது நாளில் தானாகக் காலியாகட்டும் என்றான் அவன். இப்போது பல இடங்களில் அதுதான் வழக்கம். ஜிமெயிலில் நீக்கிய அஞ்சலுக்கு 30 நாள் தவணை. ஐபோனில் 2014 முதல் நீக்கிய படங்களுக்கும் அப்படியே. நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை கணினியைத் திறப்பவர்கள் என் வயதில் பலர் உண்டு. அதிகாரி கையெழுத்து இல்லாமல் எதையும் கழிக்கக்கூடாது. இங்கே அதிகாரி கணினியின் சொந்தக்காரர். கடைசியில் இடம் குறைந்தால் மட்டும் பட்டியலைக் காட்டிக் கேட்பது என்று முடிவாயிற்று. தொட்டியில் அடங்காத பெரிய ஃபைல் என்றால், 'இது திரும்ப வராது' என்று அப்போது மட்டும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் 'உறுதியா?' என்று கேட்டால் கை பழகிப்போய் 'ஆம்' என்று அமுக்கிவிடும்.

ஒன்றை நான் மறைக்கக் கூடாது. திரும்ப வருவது எப்போதும் நல்லது என்று சொல்ல முடியாது. 1986 நவம்பரில் அமெரிக்காவில் ஈரான்-கான்ட்ரா விவகாரம் வெடித்தபோது, தேசியப் பாதுகாப்புக் குழுவில் இருந்த ஆலிவர் நார்த்தும் ஜான் பாயின்டெக்ஸ்டரும் தங்கள் கணினி அஞ்சல்களை அழித்தார்கள். ஆனால் அவற்றின் நகல் காப்பு நாடாக்களில் இருந்தது. விசாரணைக் குழுவின் கைக்கு அவை போய்ச் சேர்ந்தன. அங்கே நியாயம் நடந்தது. நமக்கு அது ஆபத்தாகவும் முடியும். எம்ஐடி மாணவர்களாக இருந்த சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலாட்டும் பழைய வட்டுகள் 158 வாங்கிப் பார்த்து 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். வேலை செய்த 129 வட்டுகளில் சரியாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. மற்றவற்றில் பிறருடைய கடிதங்களும் கடன் அட்டை எண்களும் கிடந்தன. ஆகவே ஒழிக்க வேண்டியதை உண்மையாகவே ஒழிக்க ஒரு வழியும் வேண்டும். அது தனிப் பொத்தானாக, தள்ளி இருக்க வேண்டும்.

இங்கேதான் தமிழ் கைகொடுத்தது. பொத்தான்களில் தமிழில் என்ன எழுதலாம் என்று கேட்டான். கூடைக்கு அனுப்புவது 'நீக்கு', ஒரேயடியாக ஒழிப்பது 'அழி' என்றேன். நீக்கியவரைத் திரும்ப வேலைக்கு எடுக்கலாம். அழித்ததை எடுக்க முடியாது. நம் பேச்சில் ஏற்கெனவே இருக்கிற வித்தியாசம்தானே!

கடைசிக் கேள்வி பென்டிரைவ். வட்டுக்கு உள்ளேயே கூடை இருந்தால் ஃபைலை நகர்த்துவது நொடி வேலை, அட்டையை மாற்றி எழுதினால் போதும். வேறொரு வட்டில் இருக்கும் கூடைக்கு அனுப்புவதென்றால் முழுவதையும் நகல் எடுத்தாக வேண்டும். அதனால் ஒவ்வொரு வட்டுக்கும் அதனதன் கூடை என்பதுதான் சரி. ஆனால் பென்டிரைவில் அப்படி வைத்தால், காலி செய்த பிறகும் இடம் அடைபட்டே இருக்கிறது என்று ஜனங்கள் குழம்புகிறார்கள். மறைவாக ஒரு கூடை உள்ளே இருப்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. "பென்டிரைவுக்கு வேணாம் தாத்தா, நேரா டெலிட் ஆகட்டும்" என்றான்.

"வேணும்டா" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

நான் சிரிக்காததற்குக் காரணம் உண்டு என்றேனே, அது இதுதான். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கோடையில் என் அக்காவைப் பேசவைத்து, கைப்பேசியில் பதினோரு ஒலிப்பதிவுகள் எடுத்தேன். எங்கள் அம்மா பாடிய தாலாட்டு, எங்கள் அப்பா சைகோனிலிருந்து எழுதிய கடிதங்களில் அக்காவுக்கு நினைவிருந்தவை, யார் யாருக்கு என்ன உறவு என்ற கணக்கு. அவற்றைப் பென்டிரைவில் ஏற்றிவிட்டு, கைப்பேசியில் இடம் போதவில்லை என்று அங்கே அழித்தேன். சில மாதம் கழித்து ஒரு கல்யாணப் படங்களைப் போட அதே பென்டிரைவில் இடம் பார்த்தபோது, அந்த ஃபோல்டரை வேறொன்றின் நகல் என்று நினைத்து டெலிட் செய்தேன். 'உறுதியா?' என்று கேட்டது. 'ஆம்' என்றேன். பிறகு அதன் மேலேயே கல்யாணப் படங்களை ஏற்றினேன். அட்டையை அடித்ததோடு நிற்காமல், தட்டையும் நானே நிரப்பினேன்.

அக்கா போன பதினாறாம் நாள், குரலைப் போட்டுக் காட்டச் சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது. பென்டிரைவ் கெட்டுப்போயிற்று என்று எல்லோரிடமும் சொன்னேன். கடையில் கொடுத்துத் தேடியதில் நான்கு பதிவுகள் கிடைத்தன. பெயர்கள் போய் வெறும் எண்கள். தாலாட்டு பாதியில் தொடங்குகிறது.

இதை அன்றைக்குத்தான் முதல் முறையாகச் சொன்னேன். அவனுக்கு அவள் பாட்டி. அவன் மடிக்கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அந்த நாலும் இப்ப எத்தனை எடத்துல இருக்கு தாத்தா?" என்று கேட்டான். ஓர் இடத்தில்தான் என்றேன். முதல் வேலையாக மூன்று இடத்தில் நகல் எடுத்தான். "பென்டிரைவுக்கும் கூடை வெச்சிடறேன். உள்ளே இவ்வளவு இருக்குன்னு வெளியிலேயே தெரியற மாதிரி காட்டிடலாம்" என்றான். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

போன ஞாயிறு சோதனை. புதிய பென்டிரைவில் அந்தத் தாலாட்டின் ஒரு நகலைப் போட்டு, "நீங்களே அமுக்குங்க" என்றான். நகல்தான் என்று தெரிந்தும் விரல் உடனே போகவில்லை. 'நீக்கு' அமுக்கினேன். மறைந்தது. கூடையைத் திறந்தால், பெயர், இருந்த இடம், தேதி, நேரம் எல்லாம் ஒரு வரியில். 'மீட்டெடு' அமுக்கினேன். இருந்த இடத்துக்கே வந்தது. பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் அவன் சென்னைக்குப் பஸ் ஏறினான்.

நண்பர்களுக்கு மூன்று வார்த்தை சொல்லி முடிக்கிறேன். பென்டிரைவிலோ வட்டிலோ எதையாவது கைதவறி அழித்துவிட்டால், அதில் மேற்கொண்டு எதையும் எழுதாமல் எடுத்து வைத்துவிடுங்கள். தட்டு நிரம்பாதவரை நம்பிக்கை உண்டு. ஆனால் இப்போது வரும் புது வகை எஸ்எஸ்டி வட்டுகள், அழித்த தட்டைத் தாமே துடைத்து வைத்துக்கொள்ளும் வசதி உள்ளவை. நார்ட்டன் காலத்து அதிர்ஷ்டத்தை அவற்றில் எதிர்பார்க்க முடியாது. ஆகவே வேண்டியதை இரண்டு இடத்தில் வையுங்கள். வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால் இந்த வாரமே அவர்கள் குரலைப் பதிவு செய்து, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எது, எங்கே, எந்தத் தேதி. அந்த நோட்டு தொலையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பதிவில் சந்திப்போம்.